ஆலங்குளம் போய் வந்த டப்பா

மேலகரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சோதனை மேசையில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உங்களில் ஒருவர் உட்காருகிறார். எனக்குக் கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் செய்தும் பழைய கூர்மை திரும்பவில்லை. லென்ஸில் பார்த்ததை இரண்டாம் முறை பார்க்கவேண்டி வந்த அன்றே எழுந்துவிட்டேன். ஓய்வு பெறும் வயது இல்லைதான். ஆனால் அந்த மேசையில் சந்தேகத்தோடு உட்காரக்கூடாது.

புதியவர்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார் அண்ணாச்சி. பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்த்து வந்து இந்தப் பட்டறையைத் தொடங்கிய நம் முதலாளியைத்தான் சொல்கிறேன். நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வேலையைப் பற்றிச் சொல்வதில் பிழை இருக்காது.

ஈயக்கம்பியை வெட்டுவது, அச்சில் அழுத்துவது, கழுவி எண்ணெய் பூசுவது எல்லாம் உங்களுக்குச் சில வாரங்களில் கைவந்துவிடும். நான் எழுதுவது வேறு. எல்லாம் சரி என்று எல்லோரும் சொல்லும்போது, அந்த வார்த்தையை எப்போது ஏற்பது, எப்போது நிறுத்தி வைப்பது என்பதைப் பற்றி.

நாம் செய்வது காற்றுத் துப்பாக்கிக்கான ஈயக்குண்டு. குற்றாலம் சீசன் வந்தால் அருவிக்கரைப் பலூன் கடைகளுக்கு மூட்டையாகப் போகும் சாதாரணக் குண்டு ஒன்று. பத்து மீட்டர் தூரத்தில் பொட்டு அளவு வட்டத்தைச் சுடும் பிள்ளைகளுக்கான போட்டிக் குண்டு இன்னொன்று. ஒருமுறை பலூன் குண்டு தீர்ந்துபோய், பலூன் கடைக்காரர் ஒருவருக்குப் போட்டிக் குண்டைக் கொடுத்தோம். மறுநாளே திரும்ப வந்தார்.

"என்னவே, இப்படி ஒரு குண்டக் குடுத்துட்டீரு. கேரளாக்காரன் குடும்பத்தோட வந்து வச்ச பலூனையெல்லாம் உடைச்சுட்டுப் போறான். உம்ம குண்டு நேராப் போனா எம் பொழப்பு என்னத்துக்கு ஆகும்?"

நம் குண்டுக்குக் கிடைத்த முதல் நற்சான்று அதுதான் என்று அண்ணாச்சி இன்றும் சொல்வார்.

இன்னொன்று. ஒரு தடவை புதிதாக வந்த ஈயத்தில் செய்த குண்டு எல்லாமே எடை சற்றுக் கூடுதலாக இருந்தது. உருக்கிவிடலாம் என்றார்கள். சுட்டுப் பார்த்தோம். எல்லாக் குண்டும் வழக்கத்தைவிட ஒரு நூல் கீழே விழுந்தது. ஆனால் எல்லாமே ஒரே இடத்தில் விழுந்தது. தனி முத்திரை போட்டு, அந்த ஈயம் தீரும்வரை தனியாகவே விற்றோம். சுடுகிறவர் குறிக்கண்ணாடியை ஒரு திருகு திருகிக்கொண்டார், அவ்வளவுதான். எடை கூடலாம், குறையலாம். டப்பாவுக்குள் இருக்கும் முதல் குண்டும் கடைசிக் குண்டும் அண்ணன் தம்பியாக இருந்தால் போதாது, ஒன்றாகவே இருக்கவேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சில சீசனுக்கு முன்னால், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. போலீஸ் ஏட்டையா ஒருவர் மகளைப் பைக்கின் பின்னால் உட்காரவைத்து வந்தார். அவருக்கு இலஞ்சியில் வீடு. மகள் பெயர் முப்புடாதி, கல்லூரியில் முதல் வருஷம். மழைக்கோட்டை அவள் போட்டிருக்கவில்லை. துப்பாக்கிப் பெட்டிக்குச் சுற்றியிருந்தாள். அந்தத் துப்பாக்கி அவளுடையதும் இல்லை, திருநெல்வேலி துப்பாக்கி சுடும் கிளப் இரவல் கொடுத்தது.

ஏட்டையா நின்றுகொண்டே பேசினார். "அண்ணாச்சி, அடுத்த வாரம் இவளுக்கு மாநில அணித் தேர்வு. ஒரு மாசமா அஞ்சு சுட்டா ஒண்ணு எங்கேயோ போகுது. கோச்சு கை நடுங்குதுங்காரு. இவ குண்டு சரியில்லைங்கா. குண்டு சரின்னு நீங்க சொல்லிட்டா நான் இப்படியே கிளப்புல போய்த் துப்பாக்கிய ஒப்படைச்சுருதேன். பாடத்தையாவது ஒழுங்காப் படிக்கட்டும்."

அந்தப் பெண் தலையைக் குனியவில்லை. சுவரில் மாட்டியிருந்த எங்கள் சோதனைத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன உக்காரும் ஏட்டையா," என்றார் அண்ணாச்சி. "சொல்லுததுக்கு என்ன, சுட்டே காட்டுதோம்."

சோதனைத் துப்பாக்கியை நாம் இரும்பு வைஸில் இறுக்கிக் கட்டியிருப்போம். அதற்கு மூச்சும் இல்லை, நடுக்கமும் இல்லை. மெஷின் வாயிலிருந்து குண்டு எடுத்துவந்து ஐந்து சுட்டேன். தாளில் ஒரே ஓட்டை. தாளைக் கிழித்து ஏட்டையா கையில் கொடுத்தார் அண்ணாச்சி.

ஏட்டையா எழுந்து மகளைக் கூப்பிட்டார். "வா ஏட்டி."

அவள் எழவில்லை. பையிலிருந்து தன் டப்பாவை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். வைக்கும்போது உள்ளே கலகலவென்றது.

"மாமா, இதுல இருந்து போடுங்க."

போட்டேன். முதல் மூன்றும் ஓர் ஓட்டை. நான்காவது இடப்பக்கம் ஒதுங்கியது. ஐந்தாவது திரும்ப நடுவில். அவள் சொன்னதைத் தாள் அப்படியே சொன்னது.

லென்ஸில் பார்த்தேன். நம் குண்டுக்குத் தலை, இடுப்பு, பாவாடை என்று மூன்று பாகம் சொல்வோம். பின்பக்கம் விரிந்திருக்கும் மெல்லிய விளிம்புதான் பாவாடை. சுடும்போது காற்று அதை விரித்துக் குழலோடு ஒட்டவைத்துத் தள்ளும். அவள் டப்பாவில் சில குண்டுகளுக்குப் பாவாடை ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கமாகக் காற்றுக் கசியும், குண்டு விலகும்.

அண்ணாச்சியும் லென்ஸில் பார்த்துவிட்டுக் கேட்டார். "எங்கனம்மா கீழ போட்ட?"

"போடல பெரியப்பா. பழைய சாக்ஸுக்குள்ள வச்சு, மேல துண்டச் சுத்தித்தான் கொண்டு போவேன்."

"காலையில பஸ்ஸப் பிடிக்க ஓடுவா," என்றார் ஏட்டையா. "அந்த ஓட்டத்துக்கு நம்ம குடலே ஆடும். குண்டு ஆடாதா?"

அண்ணாச்சி நியாயமான மனிதர். அலமாரியிலிருந்து ஒட்டுப் பிரிக்காத டப்பா ஒன்றை அவரே எடுத்து, எல்லோர் முன்னாலும் பிரித்துக் கொடுத்தார். சுட்டேன். ஒரே ஓட்டை. அதே மாதம் செய்த சரக்குத்தான்.

"தீர்ந்துச்சு ஏட்டையா," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. அந்தப் பெண்ணுக்காக வருத்தம்தான் இருந்தது.

மெஷின் குண்டு நன்றாக இருக்கிறது, அலமாரி டப்பா நன்றாக இருக்கிறது, அவள் டப்பா மட்டும் கெட்டிருக்கிறது. நீங்களாக இருந்தாலும் அவள் கையைத்தான் சொல்வீர்கள். எனக்கு மட்டும் அந்தக் கலகலச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

போட்டிக் குண்டு டப்பாவின் மூடிக்கு அடியில் வட்டமாக ஒரு ஸ்பாஞ்சு வைப்போம், குண்டுகள் ஆடாமல் இருக்க. அந்த வருஷம் சாரல் தொடங்கியபோது ஸ்பாஞ்சு காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்து, அது தொட்ட குண்டெல்லாம் வெள்ளை பூத்தது. கிளப்புகள் திட்டின. பேக்கிங் பார்க்கும் பாத்து என்ற அக்காதான் வழி சொன்னார்: சாரல் முடியும்வரை ஸ்பாஞ்சை எடுத்துவிடுவோம், எண்ணெயை மட்டும் கொஞ்சம் கூட்டுவோம் என்று. வெள்ளை பூப்பது நின்றது. அக்காவை எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். நல்ல யோசனை அது. அந்தச் சீசன் முழுக்க மெஷின் வாயில் எடுத்த குண்டையும் அலமாரியில் எடுத்த டப்பாவையும் நான் சுட்டுப் பார்த்தேன். ஒன்றும் விலகவில்லை.

ஆனால் அந்த டப்பாக்களில் ஒன்றுகூட நம் வாசலைத் தாண்டியதில்லை.

முப்புடாதி இலஞ்சிக்காரி. நடந்து வந்தால் பட்டறை வந்துவிடும். ஆனால் போட்டிக் குண்டை நாம் கிளப் வழியாகத்தான் விற்போம். அவள் டப்பா இங்கிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி போய், அங்கே அவள் கைக்கு வந்திருந்தது. அப்போது நாலு வழிச் சாலைக்காக, அந்த வழியில் பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் வரை ரோட்டைக் கிளறிப் போட்டிருந்தார்கள். அவள் ஓடினாளா என்று கேட்டோம். டப்பா எதில் போனது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பாத்து அக்கா அன்றைய பார்சல் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். தேர்வுக்கு முன்னால் எல்லா கிளப்புக்கும் போகவேண்டிய சரக்கு. மதிய பஸ்ஸில் ஏற்றவேண்டும். நான் போய் அந்தப் பெட்டியைத் தூக்கி என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்னவே செய்யுதீரு?" என்றார் அண்ணாச்சி.

"இன்னைக்குப் போகவேண்டாம் அண்ணாச்சி."

"விளையாடுதீரா? பெட்டி போகலைன்னா கிளப்புக்காரன் வெளிநாட்டு டப்பா வாங்கிருவான். ஒருதரம் வாங்குனவன் திரும்பி நம்மகிட்ட வருவானா? சீசன் முடிஞ்சா பலூன் கடை கிடையாது. இதுதானவே நமக்கு சோறு."

"அதனாலதான் சொல்லுதேன். ஆலங்குளம் வரைக்கும் போயிட்டு வந்துருதேன். அதுவரைக்கும் பெட்டி இங்கனயே இருக்கட்டும்."

எனக்குத் தெரிந்த நீளமான பேச்சு அதுதான். பாத்து அக்காவிடம் இரண்டு டப்பா கேட்டேன். ஒன்று இப்போது அனுப்பும் முறையில். இன்னொன்றில் பழையபடி ஸ்பாஞ்சு வைத்து.

அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஸ்பாஞ்ச எடுக்கச் சொன்னவ நானு. அதுல என்ன தப்பக் கண்டீரு?"

"தப்பு இருக்கான்னு பாக்கத்தான் போறேன் அக்கா."

"இருந்தா?"

"இருந்தா நம்ம எல்லாரு தப்புந்தான். தலையாட்டுனவன்ல நானும் ஒருத்தன்."

அக்கா கத்திரியை எடுத்து ஸ்பாஞ்சை வெட்டினார்.

ஏட்டையாவுக்குப் பொறுமை இல்லை. "இதுக்கு எதுக்கு ஆலங்குளம்? கையில வச்சு நாலு குலுக்கு குலுக்கும். தெரிஞ்சுட்டுப் போகுது."

அது வேண்டாம் என்றேன். கையால் குலுக்கினால் நமக்கு வேண்டிய பதில் வரும்வரை குலுக்கலாம். குண்டு கெடவேண்டும் என்று நினைத்தால் பலமாக, கெடக்கூடாது என்று நினைத்தால் மெதுவாக. பஸ்ஸுக்கு இந்த ஆசை ஒன்றும் கிடையாது. அன்று இதை இத்தனை தெளிவாகச் சொல்லவில்லை, "சரிவராது ஏட்டையா" என்று மட்டும் சொன்னேன். உங்களுக்கு விளக்கமாக எழுதுகிறேன்.

இரண்டு டப்பாவையும் கிளப் பார்சல் போலவே ஓர் அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் வழக்கமாக நம் பார்சல் வாங்கும் கண்டக்டர் இருந்தார். சின்னப் பெட்டியின் கனத்தைப் பார்த்துவிட்டு, எப்போதும்போலக் கேலியாக, "உள்ள என்னண்ணே, தங்கமா?" என்றார்.

"ஈயம்."

"அப்ப கீழ கிடக்கட்டும்." பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில், கடைசி சீட்டுக்கு அடியில் காலால் தள்ளினார்.

நான் அந்த சீட்டிலேயே உட்கார்ந்தேன். பாவூர்சத்திரம் தாண்டியதும் ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டி தரையை விட்டு எழும்பி விழுந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. நம் கையால் செய்த பொருள், கண்முன்னால் அடிபடும்போது பார்த்துக்கொண்டிருப்பது எளிதில்லை. ஆனால் மடியில் வைத்தால் சோதனை அங்கேயே செத்துவிடும். கிளப்புக்குப் போகிற பெட்டியை யார் மடியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள்? இதை மறக்காதீர்கள். சோதிக்கும் பொருளுக்கு நீங்கள் காட்டும் இரக்கம் அதை வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

ஆலங்குளத்தில் இறங்கி, டீ கூடக் குடிக்காமல் எதிர் பஸ்ஸில் ஏறினேன். அந்தக் கண்டக்டரும் பெட்டியைக் கீழேதான் தள்ளினார்.

திரும்பி வரும்போது எல்லோரும் அப்படியே இருந்தார்கள். முப்புடாதிக்குப் பாத்து அக்கா சோறு போட்டிருந்தார். ஏட்டையா சாப்பிடவில்லை, வாசலில் நின்று சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு டப்பாவையும் மேசைமேல் வைத்தேன். நான் சுடவில்லை. அண்ணாச்சியையே சுடச் சொன்னேன். ஸ்பாஞ்சு இல்லாத டப்பாவில் இரண்டாவது குண்டே விலகியது. அடுத்த இரண்டு நடுவில். ஐந்தாவது வேறு பக்கம் போனது. ஸ்பாஞ்சு வைத்த டப்பாவில் ஐந்தும் ஒரே ஓட்டை. அண்ணாச்சி அத்தோடு நிற்கவில்லை. இரண்டு டப்பாவிலும் திரும்பத் திரும்பச் சுட்டார். ஒன்று சிதறிக்கொண்டே இருந்தது, இன்னொன்று அசையவே இல்லை.

பாத்து அக்கா லென்ஸை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி. ஸ்பாஞ்ச ஈரமில்லாம வச்சுக்கிடுதது எம் பாடு. குண்டு காயவைக்கிற பல்பு பெட்டிக்குள்ளயே போட்டுவச்சு, மூடி போடுத நேரத்துலதான் எடுப்பேன். ரோட்டச் சரி பண்ணச் சொல்லுதது உம்ம பாடு."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் கடினமான காரியம். மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைப் பிரித்து எல்லா டப்பாவையும் திரும்பப் பேக் செய்யச் சொன்னார். போனை எடுத்து, சாரல் தொடங்கியதிலிருந்து டப்பா வாங்கிய ஒவ்வொரு கிளப்புக்கும் பேசினார். "எங்க டப்பால குறை இருக்கு. பிள்ளைங்க கையக் குத்தம் சொல்லாதீங்க. மாத்தித் தாரோம்." இதே வார்த்தைகளை ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒரு கிளப் அதன்பிறகு நம்மிடம் வாங்கவில்லை. மற்றவர்கள் இன்றும் வாங்குகிறார்கள்.

அன்றிலிருந்து சோதனைக் குண்டை மெஷின் வாயில் எடுக்கும் பழக்கத்தோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு டப்பா பஸ்ஸில் போய்விட்டு வரும். உங்களில் யாரையாவது ஆலங்குளம் போகச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள். பெட்டியைக் கீழே வையுங்கள், மடியில் வைக்காதீர்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

எல்லாம் முடிந்ததும் முப்புடாதி அண்ணாச்சியிடம் கேட்டாள். "பெரியப்பா, அந்த ஸ்பாஞ்சு டப்பாவுல இருந்து நான் சுடட்டுமா?"

வைஸிலிருந்த துப்பாக்கிக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். புதுத் தாள் மாட்டினேன். அவள் துப்பாக்கியைத் துடைத்தாள், கையைத் துடைத்தாள், நின்றாள். ஏட்டையா அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் குண்டு நடுவில். இரண்டாவது அதே ஓட்டையில். மூன்றாவதும் அப்படியே. பாத்து அக்கா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

நான்காவது விலகியது.

ஸ்பாஞ்சு இருந்தும் விலகுகிறதே என்று நினைத்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஏட்டையா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டப்பாவை எடுக்கக் கை நீட்டினேன்.

முப்புடாதி துப்பாக்கியைத் தாழ்த்தி, தாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த ஒரு மாதமும் ஒவ்வொரு குண்டு விலகும்போதும் அது தன் பிழையா, இல்லை வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமலே கையையும் மூச்சையும் மாற்றி மாற்றிப் பார்த்திருப்பாள்.

"டப்பாவப் பாக்காதீங்க மாமா," என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "இது நான்தாம்ப்பா. சுடுததுக்கு முன்னாடி மூச்ச விட்டுட்டேன்."

தோற்றதைச் சொல்லும் குரல் இல்லை அது. காணாமல் போன பொருளைக் கண்டெடுத்த குரல்.

நாம் இந்த வேலையை எதற்குச் செய்கிறோம் என்று யாராவது கேட்டால் நான் அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொள்வேன். நம் குண்டு யாரையும் ஜெயிக்க வைக்காது. விலகியது குண்டு அல்ல, நான்தான் என்று ஒரு பிள்ளை சந்தேகமில்லாமல் சொல்லமுடிந்தால், நம் பங்கு முடிந்தது. மற்றதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

காலையில் அவளிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போக வந்த ஏட்டையா, கட்டியிருந்த கையைப் பிரித்தார். டப்பாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"சரி ஏட்டி," என்றார். "அடுத்ததப் போடு."